ஒன்பது அங்குலச் சுவர்

சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடம் போகிற சாலையில், லாரி டயர்க் கடைக்கு எதிரே மண்பாதையில் திரும்பினால் எபினேசர் நகர் வரும். பெயரில்தான் நகர். போட்ட இருபத்தெட்டு மனைகளில் பதினோரு வீடுகள்தான் எழும்பியிருந்தன. மற்றவற்றில் சீமைக்கருவேலமும் கோரையும் மண்டிக் கிடந்தன. கனகலட்சுமியின் வீடும் ஷீபாவின் வீடும் அங்கே கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் நடுவே ஒன்பது அங்குலத்தில் ஒரே சுவர்.

ஒரு கிரவுண்டைப் பாதிப் பாதியாக வாங்கியபோது அவர்களே செய்த முடிவு அது. ஆளுக்கொரு சுவர் வைத்தால் இடம் வீண், செங்கல் வீண். நாளைக்கு உங்களுக்குள் ஏதாவது என்றால் இதை யார் இடிப்பது என்று மேஸ்திரி கேட்டார். இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவர்களுடைய புருஷன்மார்தான் கொஞ்சம் யோசித்தார்கள்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. செல்போன் கம்பெனியில் ஆறு வருஷம் ஒரே லைனில் அடுத்தடுத்த நாற்காலி. ஷீபா நாசரேத் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்தவள். கனகு உள்ளூர்க்காரி. ஷீபாவுக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே போனபோது, ஊரிலிருந்து ஆள் வந்து சேரும்வரை இரண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தவள் கனகு. கனகுக்கு அறிவுமதி பிறந்தபோது ரத்தம் கொடுத்தவள் ஷீபா. கம்பெனி மூடின பிறகும் அது விட்டுப் போகவில்லை. ஷீபா இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்குக்குப் போனாள். கனகு வீட்டோடு இருந்து தையல் மிஷின் போட்டாள். ஒரகடம் கம்பெனிகளின் கேண்டீன் ஆட்களுக்கு வெள்ளைக் காட்டன் ஏப்ரனும் தலைக்குல்லாயும் தைத்துக் கொடுப்பது. துணியை கான்ட்ராக்டர் கொண்டுவந்து போடுவார், தைத்ததை எடுத்துப் போவார். நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தேதி தவறியதில்லை.

அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில் வெளுத்திருந்தது. பத்து மணிக்கு வேன் வரும் என்று கனகு ஏப்ரன் மூட்டைகளை எடுத்துவைக்கப் போனாள். கணவன் ராஜாமணி கம்பெனி பஸ் டிரைவர். முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற விடியுமுன்பே போயிருந்தான். அறிவுமதி பள்ளிக்கூடம் போய்விட்டாள். நடுச்சுவரோடு சேர்த்துக் கட்டின அலமாரியில் ஐம்பது ஐம்பதாகக் கட்டின நான்கு மூட்டைகள் இருந்தன. மேலே இருந்த மூட்டையை இறக்கினாள். இரண்டாவதை இறக்கினாள். மூன்றாவதைத் தூக்கும்போது கைக்கு லேசாக இருந்தது. ஐம்பது ஏப்ரனுக்கு இருக்கவேண்டிய கனம் அதில் இல்லை.

கட்டை அவிழ்த்தாள். மேல் மடிப்பு வெள்ளையாக, இஸ்திரி கலையாமல் இருந்தது. அதை எடுத்ததும் அடியில் ஈர மண். துணியின் மடிப்பு மடிப்பாக மண் பூசி, அதற்குள் அரிசி நொய் போல வெள்ளைக் கரையான்கள் வழிந்தன. நாடா மட்டும் அங்கங்கே மிச்சம் இருந்தது, அது நைலான். நான்காவது மூட்டையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அலமாரியின் பின்பக்க ப்ளைவுட்டை விரலால் அழுத்தினாள். அப்பளம்போல உள்ளே போனது. உள்ளே சுவரில் விரல் பருமனுக்கு மண் கோடுகள் கிளை பிரிந்து மேலே ஏறியிருந்தன.

அவள் அழவில்லை. முதலில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். ஈரக் கையோடு வெளியே ஓடி ஷீபாவின் கதவைத் தட்டினாள்.

"ஷீபா, என் பக்கம் செல்லு வந்துகீது. சுவத்துலயே ஏறிகினு போவுது. உன் பக்கமும் உடனே பாரு. அலமாரிலாம் இழுத்துப் பாரு."

ஷீபாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்டு. தலையில் துண்டோடு வந்து நின்றாள். துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டே, தன் பக்கம் ஒன்றும் இல்லை, நேற்றுத்தான் ஒட்டடை அடித்தேன் என்றாள். பிறகு துடைப்பமும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். இரண்டு பேருமாக மண்ணைச் சுரண்டினார்கள். மிச்சத் துணியை வெயிலில் உதறினார்கள். வேன் வந்தது. கான்ட்ராக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் மறுநாள் கேண்டீன் ஆடிட். நல்லதாக இருந்த நூறை மட்டும் எடுத்துக்கொண்டு, போகும்போது அடுத்த ஆர்டரைப் படப்பையில் ஒரு யூனிட்டுக்குக் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அரித்துப்போனதைத் தன் செலவில் துணி வாங்கித் தைத்துத் தந்துவிடுவதாகக் கனகு சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஷீபா அவளுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். மருந்தடிக்கிற ஆளைக் கூப்பிடவேண்டாம், அவர்கள் வீட்டையே ஓட்டை போட்டுவிடுவார்கள், வேப்பெண்ணெயைச் சுட வைத்து ஊற்றினால் போதும் என்று இரண்டு தடவை சொன்னாள். அம்மா வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம்.

கனகும் அப்படியே செய்திருப்பாள். ராஜாமணிதான் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து நிலைச்சட்டத்தைச் சாவியால் தட்டிப் பார்த்தான். அடிப்பக்கம் டொக்கென்றது. மறுநாளே ஒரகடம் கூட்டுரோடு டீக்கடையில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து ஆளைப் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஆள் வந்தார். மாரி என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். மொபெட்டில் டிரில் மிஷின், கைப்பம்பு, மருந்து கேன் எல்லாம் கட்டியிருந்தார். ஷீபாவும் மகள் லிசாவும் ஆராதனைக்குக் கோவிலுக்குப் போயிருந்தார்கள்.

மாரி மொபெட்டை நிறுத்திவிட்டு இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வூடா? பக்கத்துல நாந்தாம்மா அடிச்சேன். ஆடி மாசம்."

கனகுக்கு முதலில் விளங்கவில்லை. ஷீபா வீட்டில் செப்டிக் டேங்க்குக்கு மருந்து போட்டதைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, அதையே கேட்டாள்.

"செப்டிக் டேங்க்கா? செல்லு மருந்தும்மா. தரை ஓரம் பூரா ஓட்டை போட்டு எறக்கினேன். அவங்க சமையக்கட்டுல கப்போர்டே போயிருந்துச்சே." அவர் சுவரைத் தட்டினார். "நடுவுல ஒரே சுவருன்னா ரெண்டு பக்கமும் சேத்துதாம்மா அடிக்கணும். ஒரு பக்கம் அடிச்சா பூச்சி அந்த நெடிக்கு இந்தாண்ட வந்துரும். அதை அப்பவே சொன்னேன். நீங்கதான் வேணான்ட்டீங்களாமே."

"நான் வேணான்னனா?"

"அந்தம்மாதான் சொன்னாங்க. பக்கத்து வூட்ல கேட்டுட்டேன், அவங்க இப்ப வேணாங்கிறாங்கன்னு."

ராஜாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தான். கனகு அவன் கையைப் பிடித்தாள். முதலில் அவர் வேலை ஆகட்டும் என்றாள்.

அன்று முழுக்க வேலை நடந்தது. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அடிக்கு ஒன்றாக மாரி ஓட்டை போட்டுக்கொண்டே போனார். சிமெண்ட் தூசி வீடெங்கும் பறந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் பம்பை வைத்து, மண் குடிக்கிறவரை மருந்தை இறக்கினார். நிலைச்சட்டத்தில் சாய்வாகத் துளைத்து ஊசியால் ஏற்றினார். பிறகு வெள்ளை சிமெண்டைக் குழைத்து ஓட்டைகளை அடைத்தார். பின்பக்கக் காலி இடத்தில் கருவேலங்கட்டை ஒன்று மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ராஜாமணி கடப்பாரை போட்டு அதைத் தோண்ட, உள்ளே புற்று சட்டி சட்டியாக உடைந்தது. கனகு சமையலறைச் சாமான்களைத் தூக்கித் தூக்கி வெளியே வைத்தாள். வெயிலில் மருந்தின் நெடி கிளம்பி வந்தபோதுதான் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

ஆடி வெள்ளிக்கிழமை. ஷீபா காலையிலேயே வந்து, லிசா கண் மங்குகிறது என்கிறாள், எனக்கு லீவு கிடைக்காது, நீ கொஞ்சம் கூட்டிக்கொண்டு போவாயா என்று கேட்டாள். கூழ் ஊற்றுகிற வேலையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு, கனகு அந்தப் பெண்ணை ஸ்ரீபெரும்புதூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டோக்கன் வாங்கி, சொட்டு மருந்து விட்டு, கண்ணாடிக்கு எழுதி வாங்கித் திரும்ப சாயங்காலம் ஆகிவிட்டது. வாசலில் இறங்கும்போதே இதே நெடிதான். செப்டிக் டேங்க்கில் மருந்து போட்டேன் என்றாள் ஷீபா. அன்றைக்கு அவளுக்கு லீவு கிடைத்திருந்தது என்பதைக் கனகு யோசிக்கவில்லை. மறுநாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஷீபா மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு கொடுத்தனுப்பினாள். இவர்கள் மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வீட்டை ஷீபா விற்கப்போகிறாள் என்பது கனகுக்குத் தெரியாததல்ல. ஷீபாவின் கணவன் ஜெபக்குமார் மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இருந்தான். அங்கே ஆள் குறைத்தபோது வேலை போய், புனேயில் ஒன்று கிடைத்துத் தனியாகப் போய் ஒரு வருஷமாகிறது. வீடு விலைபோனால் குடும்பமும் அங்கே போகும். அது தெரிந்த நாளிலிருந்து கனகுக்கு வருத்தம்தான். இருந்தும் அவளே நான்கு பேரிடம் சொல்லிவைத்தாள். சேரப்பணஞ்சேரி புரோக்கரைக் கூட்டிவந்து விட்டவளே அவள்தான்.

மாரி போகும்போது இன்னொன்றும் சொன்னார். பக்கத்து வீட்டில் கேட்டாயிற்று என்று அந்தம்மா சொன்னபோது தனக்கே கொஞ்சம் சந்தேகம்தான். நேரில் வந்து கேட்கலாமென்று பார்த்தாராம். வீடு பூட்டியிருந்ததாம்.

ராஜாமணி கொதித்துப்போய் இருந்தான். கோவில் விட்டு வரட்டும், நடுத்தெருவில் வைத்துக் கேட்கிறேன் என்றான். கனகு வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இது தனக்கும் அவளுக்கும் நடுவில் உள்ளது, நீ வராதே என்றாள். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு, லிசாவும் பள்ளிக்கூடம் போன பிறகு, அவள் பக்கத்து வீட்டுக்குள் போனாள். எத்தனையோ ஆயிரம் தடவை கேட்காமல் நுழைந்த வாசலில் அன்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஷீபா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள். தரை ஓரமாக, பீரோ மறைக்காத இடத்தில், வெள்ளை சிமெண்டுப் பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. இத்தனை நாள் இங்கே உட்கார்ந்து பேசியும் அவற்றைப் பார்க்கவில்லையே என்று கனகு நினைத்தாள்.

"மாரி வந்தாரு" என்றாள்.

"கேட்டுது. மிஷின் சத்தம்" என்றாள் ஷீபா. நிமிரவில்லை.

"நான் வேணான்னு சொன்னேனா ஷீபா?"

வெங்காயத் தோல் தரையில் பறந்தது. ஷீபா அதைக் கையால் கூட்டிச் சேர்த்தாள்.

"புரோக்கர்தாம்ளா சொன்னாவ. கரையான் உண்டுன்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டான், ஒருத்தருக்கும் தெரியப்படாதுன்னு."

"நான் ஒருத்தரா?"

"அப்படிச் சொல்லல."

"பின்ன?"

"ஒனக்குப் பொய் சொல்ல வராது கனகு. வீடு பாக்க வாரவன் ஒங்கிட்டதான் மொதல்ல கேப்பான். நீ வாயத் தொறக்காட்டாலும் மொகத்துல தெரிஞ்சிரும். அதான் ஒனக்குத் தெரியாண்டாம்னு நெனச்சேன்."

"எனக்குப் பொய் சொல்ல வராதுன்னுதான், எனக்குப் பதிலா நீ சொல்லிட்டியா?"

ஷீபா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு அவளே பேசினாள். ஜெபக்குமார் புனேயில் எட்டுப் பேரோடு ஒரு ரூமில் கிடக்கிறான், போன கிறிஸ்துமஸுக்குக்கூட வரமுடியவில்லை, லிசா அப்பாவிடம் போனில் பேசுவதையே நிறுத்திவிட்டாள், இந்த வீடு போகாவிட்டால் தானும் ஒரு நாள் இப்படியே மக்கிப்போவேன் என்று சொன்னாள். எல்லாம் உண்மைதான். எல்லாம் கனகுக்குத் தெரிந்ததுதான்.

"நாங்க போன பொறவு போன் போட்டுச் சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா. இம்புட்டுச் சீக்கிரம் அங்க வரும்னு நெனைக்கல."

"வரும்னு உனக்குத் தெரியும்."

ஷீபா கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்."

"ரெண்டு வாரம் முந்தி அந்த மூட்டைங்கள அலமாரில ஏத்துனனே. நான் ஸ்டூல் மேல நின்னேன். கீழேர்ந்து யாரு தூக்கிக் குடுத்தது?"

ஷீபாவின் முகம் அப்போதுதான் மாறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்துக்கா வேறு எதற்கா என்று சொல்லமுடியாது.

"நாலு மூட்டையும் நீதான் தூக்கிக் குடுத்த. இங்க வெய்யி, அங்க வெய்யின்னு நீதான் சொன்ன. அப்பகூட, கனகு இந்தச் சுவத்தாண்ட வேணாம், கட்டில் மேல வெய்யின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். காரணம்கூட சொல்ல வேணாம். நீ சொன்னா நான் கேட்டிருப்பேன்."

"வாய் வரைக்கும் வந்துச்சுளா."

"வந்துச்சு இல்ல?" என்றாள் கனகு. எழுந்தாள்.

ஷீபா பின்னாலேயே வாசல்வரை வந்தாள். சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்யாற்றுக்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்துப்போகும்போல இருக்கிறது என்று மெல்லச் சொன்னாள். அவர்கள் கேட்டால் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

"கேட்டாலும் சொல்லுவேன், கேக்கலனாலும் சொல்லுவேன்" என்றாள் கனகு. "உன்ன பழி வாங்க இல்ல. நாளைக்கு அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட அவங்க இருப்பாங்க, இந்தாண்ட நான் இருப்பேன். நீ புனேல இருப்ப."

அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சில்லை. கனகு புதுத் துணி எடுத்துவந்து ஏப்ரன் தைத்தாள். சுவரின் அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம், குக்கர் விசில், லிசா படிக்கிற சத்தம் எல்லாம் எப்போதும்போலக் கேட்டது. முன்பெல்லாம் குக்கர் விசில் வந்தால், ஷீபா வந்துவிட்டாள் என்று மனசு லேசாகும். இப்போது தையல் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். தான் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் உட்கார்ந்து பேசிய பேச்சை எல்லாம் ஆடியிலிருந்து எண்ணிப் பார்த்தாள். எந்தப் பேச்சுக்கு நடுவில் அவள் தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பாள், எந்தச் சிரிப்பு சிரிப்பு, எது நடிப்பு என்று பிரிக்கப் பார்த்தாள். பிரிக்க முடியவில்லை. வீட்டில் பூச்சி பட்ட இடத்தையாவது தட்டினால் தெரிகிறது என்று ராஜாமணியிடம் சொன்னாள். அவன் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை செய்யாற்றுக்காரர்கள் வந்தார்கள். புருஷன் பெஞ்சாதி இரண்டு பேருமே ஒரகடத்தில் கம்பெனி வேலை. அந்தப் பெண்ணின் பெயர் ஜோதி. இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும், ஆறாவது மாசம். புருஷன் மொட்டை மாடியில் புரோக்கரோடு டேங்கைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் படியேற முடியாமல் பக்கத்து வாசலில் வந்து நின்றாள். அக்கா, கொஞ்சம் தண்ணி குடுக்கிறீங்களா என்றாள். கனகு அவளை உள்ளே கூப்பிட்டு ஃபேனைப் போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். வெளியே ஷீபா தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோதி கேட்டது எல்லாம் வேறு. தண்ணீர் உப்பா, ஆட்டோ வருமா, பிரசவத்துக்குப் பக்கத்தில் எங்கே பார்க்கிறார்கள் என்று கேட்டாள். கனகு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, தரை ஓரமாக இருந்த வெள்ளைப் பொட்டுகளைக் காட்டி, இந்தச் சுவரில் செல்லு இருந்தது, ரெண்டு பக்கமும் மருந்து அடித்தாயிற்று, அந்தப் பக்கம் ஆடியில், இந்தப் பக்கம் போன வாரம், இன்னும் சில வருஷம் கழித்து மறுபடி அடிக்கவேண்டியிருக்கும் என்று நிதானமாகச் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மாரியின் போன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள்.

அவர்கள் அந்த வீட்டை வாங்கினார்கள். விலையில் கொஞ்சம் தட்டிக்கொண்டார்களாம். தை மாசத்தில் ஷீபா சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அன்று, தெருவே நின்று பார்க்க, கனகைக் கட்டிப்பிடித்து அழுதாள். கனகு மரம்போல நின்றாள். ஒட்டிக்கொண்டு இருந்தீர்களே, பாவம், இனி எப்படி இருப்பாய் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கனகைத் தேற்றினார்கள். அவள் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை, மேலே மாடியில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கனகு இன்னொரு தடவை சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து ஜோதியின் முன்னால் நின்றாள். எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். முதல்நாளே கண்டிஷன் போடுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பட்டது. ஆனாலும் சொன்னாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன்மா, தப்பா எடுத்துக்காத. நாளைக்கு நீங்க மருந்து அடிக்கறதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அடிங்க. நானும் சொல்லிட்டுதான் அடிப்பேன்."

ஜோதி சொம்புக்குக் கையை நீட்டிக்கொண்டே சிரித்தாள். இதையெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு.

"ஒரே சுவரு வெச்சிகினு, சொல்லாம எப்பிடிக்கா அடிப்பாங்க?"

கனகுக்கு மூட்டையைப் பிரித்த அன்று வராத அழுகை, மாரி சொன்ன அன்று வராத அழுகை, ஷீபாவின் கூடத்தில் வராத அழுகை, எல்லாம் அப்போது வந்தது. முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்ற இடத்திலேயே அழுதாள். என்ன தவறாகச் சொல்லிவிட்டோம் என்று புரியாமல் ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கனகின் கையில் இருந்த சொம்பை வாங்கி, தான் குடிக்காமல், அவளிடமே நீட்டினாள்.